ராஜம் கிருஷ்ணன் (1925–2014)
வேதாரண்யம் சாலையில் பாத்தி பாத்தியாக உப்பளங்களைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட அளங்களுக்கே போய், தொழிலாளிகளிடம் கேட்டறிந்து நாவல் எழுதியவர் முசிறியில் பிறந்த ராஜம் கிருஷ்ணன். ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி அளங்களின் கதை. உப்புநீர் அரித்த பாதங்கள், வெள்ளைப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கூசும் கண்கள்: வேதாரண்யத்திலும் அதே பாடுதான்.

அவர் நாவல்களில் கதையைவிடத் தகவல் மிகுதி என்று குறை சொன்னவர்கள் உண்டு. அந்தத் தகவலே இன்று ஆவணம்.

1973இல் ‘வேருக்கு நீர்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது. டெல்டாவின் வயல்கூலிகளைப் பற்றியது ‘சேற்றில் மனிதர்கள்’. வேட்டி சட்டை அணிந்து, கிராப்பு வெட்டிக்கொண்டு, கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளரைத் திரட்டிய மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலாக்கினார்.