கணிப்பொறி மொழியில் எழுதாமலே இயங்கும் விதிகள்

திட்டமிடுதலுக்குப் புள்ளிவிவரமே அடித்தளம். ஒரு காலத்தில் அவ்விவரங்கள் கையால் நிரப்பப்பட்ட படிவங்களாக அஞ்சலில் வந்தன. இன்று பெரும்பாலும் கணிப்பொறிக் கோப்புகளாக வருகின்றன. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ரிசர்வ் வங்கி, வங்கிகளின் மூலதன நிலை பற்றிய அறிக்கையை 2008 ஆம் ஆண்டில் எக்ஸ்.பி.ஆர்.எல். முறையில் பெறத் தொடங்கியது. கார்ப்பரேட் விவகாரங்கள் அமைச்சகம், 2010-11 நிதியாண்டுக் கணக்கறிக்கைகளைக் குறிப்பிட்ட சில வகைக் கம்பெனிகளிடமிருந்து இம்முறையில் கேட்டது. இதற்கு அடிப்படையாக அமைந்திருப்பது 1998 இல் வெளியான எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமுறையாகும். ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு பெயர்க்குறி இட்டு, அது இன்னது எனக் காட்டுவதே இதன் இயல்பு.

இவ்வாறு வரும் கோப்புகளைக் கூட்டவும் அட்டவணையாக்கவும் எக்ஸ்.எஸ்.எல்.டி. என்னும் நிரல்மொழி 1999 நவம்பரில் வந்தது. இதன் நிரலும் எக்ஸ்.எம்.எல். வடிவிலேயே எழுதப்படுகிறது. நிரல் ஓடத் தொடங்கியதும், அதை எழுதியவர் உருவாக்காத சில வசதிகளை மொழியே முன்வைக்கிறது. இப்போது எந்த விவரம் கையாளப்படுகிறது, அது வரிசையில் எத்தனையாவது, மொத்தம் எத்தனை என்பவற்றை அது தானே நினைவில் வைத்திருக்கும். வரிசை எண் இடுவதற்குத் தனியாக முயல வேண்டியதில்லை. கூட்டுவதற்கும், எண்களை அச்சுக்கேற்றவாறு அமைப்பதற்கும் ஆயத்தச் சார்புகள் உண்டு. இவை பெரும் உதவியே. ஆயினும், இவற்றின் இயல்பை அறியாதவர் அறிக்கையில் பிழை புகுவதை அறியமாட்டார்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து கொள்வோம். தாராவியில் தோல் பொருள், மண்பாண்டம், ஆயத்த ஆடை ஆகியவற்றைச் செய்யும் சிறு பட்டறைகளுக்குக் கடன் வழங்கப்படுகிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள கிளைகள் கடன் பெற்றவரின் பெயர், தொலைபேசி எண், கடன் தொகை ஆகியவற்றை மாதந்தோறும் அனுப்புகின்றன. தொகை மட்டும் அட்டவணையில் வர வேண்டும் என்று கருதி, நிரலர் தொகைக்கு மட்டும் விதி எழுதுகிறார். வெளிவரும் தாளிலோ பெயரும் தொலைபேசி எண்ணும் சேர்ந்தே அச்சாகியிருக்கின்றன. விதி எழுதப்படாத உறுப்பைச் சந்தித்தால், அதனுள் சென்று அங்குள்ள எழுத்தை அப்படியே வெளியிடுவது மொழியில் உள்ளமைந்த விதி. தனிமனிதர் விவரம் வெளிப்படுவதற்கு இதுவே போதும். எழுத்துப் பகுதிகளுக்கென வெறுமையான விதி ஒன்றைச் சேர்த்தால் இது நின்றுவிடும். 2017 இல் வந்த 3.0 பதிப்பில், விதியில்லாத உறுப்பை விட்டுவிடுவதா, பிழை காட்டி நிறுத்துவதா என முன்கூட்டியே அறிவிக்கலாம்.

இரண்டாவது, கூட்டுத்தொகை. நூறு பட்டறைகளுள் ஒன்றின் தொகை காலியாக விடப்பட்டிருந்தால், 1.0 பதிப்பின் கூட்டல் சார்பு ‘எண் அல்ல’ என்றே விடை தரும். மற்ற தொண்ணூற்றொன்பதும் அதனுடன் மறைந்துவிடும். 2007 இல் வந்த 2.0 பதிப்பு பொதுவாக இவ்விடத்தில் பிழை காட்டி நின்றுவிடும். எண் உள்ள இடங்களை மட்டும் தேர்ந்து கூட்டுவது எளிது. ஆனால் காலியான இடத்தைச் சுழியமாக எண்ணிவிடலாகாது. அது பதில் வராத வினா. எனவே, கூட்டலில் சேராதவை எத்தனை என்பதையும் அட்டவணையின் அடியில் தருவது அவசியம்.

மூன்றாவது, நம் இலட்சமும் கோடியும். 1.0 பதிப்பின் எண் அமைக்கும் சார்பு, காற்புள்ளிகளைச் சம இடைவெளியிலேயே இடும். 1,23,45,678 என்று வேண்டுமென மாதிரி கொடுத்தாலும் 12,345,678 என்றே வரும். கடைசிக் காற்புள்ளிக்குப் பின்னுள்ள மூன்று இலக்கங்களே எல்லா இடத்துக்கும் அளவாகக் கொள்ளப்படும். ஒரு கோடியே இருபத்து மூன்று இலட்சத்தைப் பன்னிரண்டு இலட்சம் என அவசரத்தில் படிப்பவர் உண்டு. 2.0 பதிப்பு முதல், மாதிரியில் காட்டிய இடங்களிலேயே காற்புள்ளி விழுகிறது. நூறு கோடிக்கு மேற்பட்ட தொகைகளுக்கு மாதிரியையும் அதற்கேற்ப நீட்ட வேண்டும்.

இவை நிரலர் மட்டும் அறிய வேண்டியவை என்று ஒதுக்குதல் பொருந்தாது. அறிக்கையில் ஒப்பமிடும் அதிகாரியே அதற்குப் பொறுப்பாளர். புதிய நிரலை ஏற்பதற்கு முன், காலியான தொகை ஒன்று, விதி எழுதப்படாத விவரம் ஒன்று, ஒரு கோடியைத் தாண்டிய தொகை ஒன்று ஆகிய மூன்றும் அடங்கிய சோதனைக் கோப்பைச் செலுத்திப் பார்க்க வேண்டும். இதற்கு அரைமணி நேரம் செலவாகலாம். அத்தாளை நம்பி அடுத்த ஆண்டுக் கடன் ஒதுக்கீடு முடிவாகும்போது, தாராவிப் பட்டறைக்காரருக்கு அந்த அரைமணியின் பயன் கிட்டும்.