கதிரும் குரலும்

இராஜபாளையம் நூற்பு மில்லில் ஓடுகிற கதிரை, அதாவது ஸ்பிண்டிலை, வெறுங்கண்ணால் பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்றுவதைக் கண் எப்படிப் பிடிக்கும்? ஸ்ட்ரோபாஸ்கோப் விளக்கை அதே கணக்குக்கு மின்ன விட்டால், ஸ்பிண்டில் நின்றுவிட்டது போலத் தோன்றும். அப்போது விளக்கு காட்டும் எண்தான் ஸ்பிண்டிலின் வேகம்.

15,000ஐ 60ஆல் வகுத்தால் நொடிக்கு 250. நம் தொண்டையும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவையும், ஆண்களுடையவை 100 முதல் 130 தடவையும் சேர்ந்து பிரிகின்றன. மார்கழி விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் திருப்பாவை பாடுகிறவர் ஒரு ஸ்தாயி மேலே போனால் இந்த எண்ணிக்கை இரட்டிப்பாகும்.

1854-ல் மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், சிறு கண்ணாடியையும் வெயிலையும் கொண்டு தன் குரல்நாண்களையே பார்த்தார். ஆனால் அவை அசையும் விதம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. 1878-ல் ஓர்ட்டல் என்ற ஜெர்மன் மருத்துவர் ஸ்ட்ரோபாஸ்கோப்பைத் தொண்டைக்குக் கொண்டுவந்தார். குரலின் வேகத்துக்குச் சற்றே விலகி விளக்கு மின்னும்போது, நாண்கள் நிதானமாக அலையடிப்பது தெரியும். நலமான நாண்களின் மேல்சவ்வு ஈரத்துணி போலப் புரளும். இரண்டும் நன்றாக மூடும். கத்திக் கத்திக் காய்ப்பு விழுந்த நாண்களில், காய்ப்புக்கு முன்னும் பின்னும் இடைவெளி நிற்கும்; அதன் வழியே காற்று ஒழுகும்.

தொண்டைக்குள் எதையும் விடாமலும் அளக்கலாம். குரல்வளையின் இருபுறமும் இரண்டு தகடு வைத்து மிக மெல்லிய மின்சாரம் செலுத்துவார்கள். நாண்கள் ஒட்டும்போது அது எளிதாகக் கடக்கும். ஒவ்வோர் அசைவிலும் எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தன என்பதை வரைகோடு காட்டிவிடும். 1957-ல் பிரான்சைச் சேர்ந்த ஃபாப்ர் என்பவர் காட்டிய வழி இது.

மிகவும் கரகரத்த குரலில் ஸ்ட்ரோபாஸ்கோப் தோற்றுப்போகும். அடுத்தடுத்த இரண்டு அசைவுகள் ஒரே நேரம் எடுக்காதபோது விளக்கு எதைப் பின்பற்றும்? அங்கே நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடிக்கும் கேமராதான் உதவும்.

மில் இரைச்சலில் நம்மை அறியாமலே குரல் உயர்ந்துவிடும். 1911-ல் லொம்பார்ட் என்பவர் இதை எழுதிவைத்தார். ஷிப்டு முழுக்கக் கத்திப் பேசும் தொழிலாளியும், ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே நிற்கும் ஆசிரியையும் தொண்டை கட்டினால் பனங்கற்கண்டும் மிளகும் போட்டுக்கொள்கிறார்கள். அதில் இதம் உண்டு. ஆனால் உள்ளே இருப்பது காய்ப்பா, நரம்பு செயலிழப்பா, புற்றா என்று பனங்கற்கண்டு சொல்லாது. மூன்று வாரம் தாண்டியும் குரல் தெளியவில்லையென்றால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் உங்கள் குரல்நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.