மவுண்டன் பைக்: வாங்கும் விலை ஒன்று, உப்புக் காற்று கேட்கும் விலை வேறு

"நானா, ஒரு மவுண்டன் பைக் எடுக்கலாம் என்று இருக்கிறேன். எது நல்லது?" கடைத்தெருவில் இந்தக் கேள்வியை இப்போது அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர்களில் அதிகம் பேர் நாற்பதைத் தாண்டிய வியாபாரிகள். காலை எட்டு மணிக்குக் கல்லாவில் அமர்ந்தால் இரவு இஷா வரை எழும்ப முடியாத தொழில். சீனி, பிரஷர் என்று டொக்டர் எச்சரித்திருப்பார். சிலர் 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று கியூ.ஆர். அட்டையில் அளந்து கொடுத்த நாட்களில் சைக்கிள் மிதிக்கப் பழகி, அந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருப்பவர்கள். சுபஹ் தொழுதுவிட்டு கிண்ணியாப் பாலத்தில் ஏறித் திரும்புவோரையும், நிலாவெளிப் பக்கம் போய்வருவோரையும் இப்போது சாதாரணமாகக் காணலாம். நல்ல பழக்கம்தான், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் சரக்குக் கொள்முதல் செய்யும்போது பத்துத் தடவை கணக்குப் பார்க்கும் நாம், இந்த விடயத்தில் நிறத்தையும் ஸ்டிக்கரையும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த திருகோணமலையில் மவுண்டன் பைக்கைக் கொல்வது மலையல்ல, உப்பு. வாங்கும்போதே இதை மனதில் வைத்தால் பத்து வருடம் ஓடும். இல்லாவிட்டால் இரண்டாவது மாரிக்குள் பழைய இரும்புக்காரரிடம் போய்விடும்.

இந்த வகை சைக்கிள் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் என்ற மாவட்டத்தில் சில இளைஞர்கள் பழைய பாரமான சைக்கிள்களை மலைக்குக் கொண்டுபோய் மண் பாதையில் இறக்கி ஓட்டினார்கள். ஒரு தடவை இறங்கி முடிவதற்குள் பின் சில்லு பிரேக்கின் கிறீஸ் எரிந்து போய்விடும். திரும்பக் கிறீஸ் அடைக்க வேண்டும். அதனால் 1976இல் அவர்கள் ஆரம்பித்த போட்டிக்கே 'ரீபெக்', அதாவது திரும்ப அடைத்தல், என்று பெயர் வந்தது. 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் பெருந்தொகையில் தயாரித்து விற்கத் தொடங்கியது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவும் சேர்ந்தது. பிறந்த நாளிலிருந்தே பராமரிப்புக் கேட்கும் பொருள் இது என்பதற்காகவே இந்தக் கதையைச் சொன்னேன்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அளவு. சைக்கிளின் மேல் குழாய்க்கு இரு பக்கமும் கால் வைத்து நின்றால், உடம்புக்கும் குழாய்க்கும் இடையில் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். ஐந்தடி ஐந்து, ஆறு அங்குலம் உயரமானவருக்கு 16 அல்லது 17 அங்குல பிரேம் பொதுவாகச் சரிவரும். (சாரனோடு போய்ப் பார்க்காதீர்கள், காற்சட்டை அணிந்து போங்கள். சாரனோடு நின்றால் எல்லா சைக்கிளும் அளவாகத்தான் தெரியும்.)

அடுத்தது சில்லு. இதில்தான் நமது பகுதியில் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மவுண்டன் பைக் 26, 27.5, 29 அங்குலம் என்று மூன்று அளவில் வருகிறது. "26 டயர் எந்தக் கடையிலும் இருக்கிறதே" என்று நினைக்க வேண்டாம். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த லேடீஸ் சைக்கிளுக்குப் போடும் 26 டயர் வேறு, மவுண்டன் பைக்கின் 26 டயர் வேறு. ஒன்றை மற்றதில் மாட்ட முடியாது. டயரின் பக்கத்தில் சிறிய எழுத்தில் மில்லிமீற்றர் இலக்கம் இருக்கும். மவுண்டன் பைக் 26க்கு 559, லேடீஸ் சைக்கிள் 26க்கு 590, 27.5க்கு 584, 29க்கு 622. கடையில் அங்குலத்தைச் சொல்லாமல் இந்த இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். டயர் விற்கும் சகோதரர்களும் இதை ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் பாதித் தகராறு குறையும்.

பிரேக் விடயத்தில் என் அபிப்பிராயம் சற்றுப் பழைமையானது. எண்ணெயில் இயங்கும் ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக் மிக நல்லது, சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் காற்றுப் புகுந்தால் எடுக்கத் தெரிந்த கையும், அதற்குரிய எண்ணெயும் வேண்டும். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் எண்ணெய். வேறு சில கம்பனிகளுக்கு வாகனத்துக்கு ஊற்றும் டொட் எண்ணெய். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் றப்பர் வளையங்கள் கெட்டுவிடும். இந்த வேலையை ஊரில் செய்பவர் யார் என்று தெரிந்த பின் அதை வாங்குங்கள். தெரியாவிட்டால் கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்கோ, ரிம்மைப் பிடிக்கும் வி பிரேக்கோ போதும். கேபிளை எந்தச் சந்தியிலும் மாற்றலாம்.

பின்னாலும் ஸ்பிரிங் வைத்த மலிவான சைக்கிளை வாங்கவே வேண்டாம். பார்வைக்கு மோட்டார் சைக்கிள் போல இருக்கும். பாரமும் அதிகம், மூட்டுகளும் சீக்கிரம் தேய்ந்து ஆடும். அதே காசுக்கு முன்னால் மட்டும் ஸ்பிரிங் உள்ளது தரமாகக் கிடைக்கும். பின் பற்சக்கரத்தையும் கேட்டுப் பாருங்கள். பழைய முறையில் முறுக்கிப் பூட்டும் பிரீவீல் என்றால் பாரமான ஆளுக்குப் பின் அச்சு வளைய இடமுண்டு. கெசட் முறையில் பெயரிங் ஓரத்துக்குத் தள்ளி இருப்பதால் அச்சு தாங்கும். எண்பது கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் இதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

கையில் உள்ள பணம் முழுவதையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி ஹெல்மட், பம்ப், பூட்டு, முன்பின் லைட், மேலதிக டியூப் இரண்டு வாங்குங்கள். கிரெடிட் கார்ட் தவணையில் எடுப்பவர்கள் அதில் வட்டி கலந்திருக்கிறதா என்பதை முதலில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பொழுதுபோக்குக்காக வட்டியில் விழுவதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

புதியதற்குக் கொழும்பு டாம் வீதிக்குப் போகலாம். சைக்கிள் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஆனால் நம்மவர்கள் அதிகம் வாங்குவது பாவித்ததுதான். இதில் கவனம் தேவை. அண்மையில் ஒரு நண்பர் வெளியூரில் வாங்கிய சைக்கிளொன்றைக் கொண்டுவந்து காட்டினார். புதுப் பெயின்ட், பளபளப்பு. சீட்டை உயர்த்தித் தரச் சொன்னார். சீட் குழாய் அசையவில்லை. வைஸில் பிடித்து ஒரு வழியாகக் கழற்றியபோது உள்ளிருந்து ஒரு கைப்பிடி சிவப்புத் துரு கொட்டியது. வெளியே பெயின்ட், உள்ளே பாதி தின்று போன இரும்பு. அந்த சைக்கிளை அவருடைய பதினாறு வயது மகன் ஓட்டப் போகிறான். இறக்கத்தில் வரும்போது பிரேம் முறிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். துருவுக்கு மேல் பெயின்ட் அடித்து விற்பதும் ஈரத்துக்கு மேல் காய்ந்த தானியத்தைக் கொட்டி விற்பதும் ஒன்றுதான். பாவித்த சைக்கிள் விற்கும் சகோதரர்கள் சீட் குழாயைக் கழற்றிக் காட்டி, "இவ்வளவு துரு இருக்கிறது, அதற்காக இவ்வளவு குறைக்கிறேன்" என்று சொல்லி விற்கலாம். அதில் பரக்கத் இருக்கிறது. வாடிக்கையாளரும் திரும்ப வருவார்.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை சில. சீட் குழாய் கழன்று வருகிறதா? முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில் பக்கம் "டக்" என்று ஆடுகிறதா? குழாய்கள் சேரும் ஒட்டுகளுக்குப் பக்கத்தில் பெயின்ட் மயிரிழை போல வெடித்திருக்கிறதா? அலுமினிய பிரேமில் அப்படி ஒரு கோடு இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள். சில்லைத் தூக்கிச் சுற்றினால் நேராக ஓடுகிறதா? செயினை அளக்க ஒரு அடிக்கோல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணி இருபத்துநாலாவது பின்னின் நடு வரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒன்று, கூடியிருந்தால் செயின் மாற்ற வேண்டும். ஒரு நூல் கூடியிருந்தால் பற்சக்கரமும் தேய்ந்துவிட்டது என்று கணக்கு. அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இனிப் பராமரிப்பு. அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்பி ஏமாறுபவர்கள் பலர். சிவப்பாகத் துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் பட்டறி போல ஒரு தாக்கம் நடக்கும். அலுமினியம் வெள்ளைத் தூளாக அரித்துப் பருத்து, இரண்டையும் இறுக்கிவிடும். பிறகு சுத்தியலாலும் கழற்ற முடியாது. இதற்கு மருந்து மலிவானது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சீட் குழாய், பெடல், ஹேண்டில் போல்ட் ஆகியவற்றைக் கழற்றி, துடைத்து, மெல்லிதாகக் கிறீஸ் பூசித் திரும்பப் பூட்டுங்கள். அரை மணித்தியால வேலை. இரும்பு பிரேம் என்றால் பெடல் அச்சுக்குக் கீழே உள்ள சிறு துவாரம் மண்ணால் அடைபடாமல் பாருங்கள். உள்ளே போன தண்ணீர் வெளியேற அதுதான் வழி.

படகு எஞ்சின் வைத்திருப்பவர்கள் கடலில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீர் ஓட்டிக் கழுவுவார்களே, அதே முறை. கடற்கரை ஓரமாக ஓடி வந்த நாளில் ஒரு வாளி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவித் துணியால் துடைத்து நிழலில் வையுங்கள். வாகன சேர்விஸ் நிலையத்தில் கொடுத்து ஜெட் பம்ப் அடிக்க விடாதீர்கள். அந்த வேகம் பெயரிங்குக்குள் இருக்கும் கிறீஸைக் கழுவிக்கொண்டு போய் அந்த இடத்தில் தண்ணீரை வைத்துவிடும்.

செயினை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் சைக்கிள் செயினுக்கென்றே விற்கும் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். அது கிடைக்காத இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் பாவிக்கலாம். அது மெல்லியது என்பதால் அடிக்கடி விட வேண்டும். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துப் பிசினாகிவிடும். பழைய எஞ்சின் ஒயில் கடல் மணலை இழுத்துப் பிடித்து அரைக்கும். எந்த எண்ணெயானாலும் டிஸ்க் தட்டில் ஒரு துளிகூடப் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது.

மூன்றாவது, கொண்டுபோதல். நமது மாவட்டம் பெரும்பாலும் சமதரை. மலைப் பாதை வேண்டும் என்றால் ஹபரண, தம்புள்ளை, மாத்தளை தாண்டி நக்கிள்ஸ், றிவர்ஸ்டன் பக்கம் போக வேண்டும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை நடமாட்டம் உண்டு. ஆகவே மிதித்துப் போய்ச் சேரும் யோசனையை விட்டு, வாகனத்தில் ஏற்றிச் செல்வதே புத்தி.

சொந்த வான் இருந்தால் பிரச்சினை இல்லை. முன் சில்லைக் கழற்றி, பற்சக்கரமும் கியர் கையும் உள்ள வலப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். கீழே இருந்தால் கியர் கை வளைந்துவிடும். பிறகு கியர் ஒழுங்காக விழாது. ஹைட்ரோலிக் பிரேக் என்றால் சில்லைக் கழற்றிய பின் தவறியும் பிரேக்கை அழுத்தக் கூடாது. இரண்டு பேட்டும் ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒரு மட்டைத் துண்டைச் செருகி வையுங்கள். முன் கால்கள் இரண்டும் நசுங்காமல் இருக்க அளவான மரக்கட்டையொன்றை நடுவில் வைத்துக் கட்டுங்கள்.

பெடல் கழற்றும்போது பலர் புரியை உடைத்துவிடுகிறார்கள். வலப் பெடல் சாதாரணப் புரி. இடப் பெடல் எதிர்ப் புரி. ஸ்பானரை மேல்நோக்கி நிறுத்தி வைத்துப் பின் சில்லுப் பக்கமாக இழுத்தால் இரண்டு பக்கமும் கழரும் என்று ஞாபகம் வைத்தால் போதும்.

புகையிரதத்தில் அனுப்புவதானால் கார்ட் பெட்டியில் பார்சலாகப் பதிய வேண்டும். அன்றைய வண்டி பார்சல் ஏற்றுமா என்று முதல் நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தூர இடத்து பஸ்களில் நடத்துநரின் மனநிலையைப் பொறுத்தது. கூட்டம் குறைந்த நாளில் இரண்டு சில்லையும் கழற்றி சாக்கில் சுற்றிக் கொடுத்தால் பின் டிக்கியில் ஏற்றுவார்கள்.

நம்மவர்களுக்கு வசதியானது லொறிதான். கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் சரக்குக்குப் போகும் வெறும் லொறியில் சைக்கிளை ஏற்றலாம். டாம் வீதியில் வாங்கியதை அதே லொறியில் இறக்கலாம். நிறுத்தி வைத்துப் பக்கப் பலகையோடு றப்பர் டியூபால் கட்டுங்கள். கயிறு தளர்ந்துவிடும். ஆனால் மீன் லொறியில் மட்டும் வேண்டாம். ஐஸ் கரைந்து வழியும் உப்புத் தண்ணீரில் ஓர் இரவு முழுவதும் நின்ற சைக்கிள், மறுநாள் காலை கொழும்பில் இறங்கும்போதே செயின் சிவந்திருக்கும்.

எந்த வழியில் அனுப்பினாலும் பெடல் அச்சுக்குக் கீழே பிரேமில் வெட்டியிருக்கும் இலக்கத்தைக் குறித்து, போனில் ஒரு படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து வையுங்கள். லொறியில் போடும்போது அந்த இலக்கத்தையும் துண்டில் எழுதி சாரதியின் கையொப்பம் வாங்குங்கள். பாவித்த சைக்கிளை வாங்கும்போதும் விற்பவரின் அடையாள அட்டை இலக்கத்தோடு ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரேமில் அந்த இலக்கம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் பேரம் பேசாமல் எழும்பி வந்துவிடுங்கள்.