பிள்ளையைத் தாங்கும் குடும்பத்தைத் தாங்குவது யார்?

"எங்கள் பிள்ளை நடக்குமா?" மூளை முடக்குவாதம் எனக் கண்டறியப்பட்ட பிள்ளையின் பெற்றோர் வைத்தியரிடம் கேட்கும் முதற் கேள்விகளுள் இதுவும் ஒன்று. "பொறுத்திருந்து பார்ப்போம்" என்பதே நெடுங்காலமாகப் பலருக்குக் கிடைத்த பதிலாகும்.

வளர்ந்துவரும் மூளைக்குப் பிறப்பின் முன்னரோ, பிறப்பின்போதோ, அதனையடுத்தோ ஏற்படும் பாதிப்பே இந்நிலைக்குக் காரணம். எனினும், உறவினரும் அயலவரும் தாயின் மீதே குறை காணும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. பிள்ளையின் சுமையோடு பழியையும் சேர்த்தே அவள் சுமக்கின்றாள்.

கனடாவின் ஹமில்டன் நகரிலுள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 1989 ஆம் ஆண்டு உருவான 'கான்சைல்ட்' ஆய்வு நிலையம் பெற்றோரின் இத்தகைய கேள்விகளுக்கு விடை தேட முற்பட்டது. சிறுபிள்ளை வைத்திய நிபுணர் பீற்றர் ரோசன்பாம் உள்ளிட்ட ஆய்வாளர்கள், பிள்ளைகளின் இயக்க ஆற்றலை ஐந்து நிலைகளாக வகுக்கும் முறையினை 1997 இல் வெளியிட்டனர். தடையின்றி நடக்கக்கூடிய பிள்ளைகள் முதலாம் நிலையிலும், சக்கர நாற்காலியில் பிறர் துணையுடன் மாத்திரம் இடம்பெயரக்கூடியவர்கள் ஐந்தாம் நிலையிலும் அடங்குவர். ஒன்ராறியோ மாகாணத்தில் 657 பிள்ளைகளை அவதானித்து 2002 இல் வெளியான ஆய்வு, ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு முன்னேற்றத்தை எதிர்பார்க்கலாம் என்பதைக் காட்டிற்று. தமக்கு இயலக்கூடிய இயக்க ஆற்றலின் பெரும்பகுதியைப் பிள்ளைகள் ஏறத்தாழ ஐந்து வயதிற்குள், பாதிப்புக் கடுமையாயின் அதற்கும் முன்னரே, எட்டிவிடுகின்றனர் என்பது அதன் முடிவு. ஆரம்ப ஆண்டுகளின் பெறுமதியை இது உணர்த்துகின்றது. பொய்யான வாக்குறுதிகளை நம்பிப் பெற்றோர் பணத்தையும் மன நிம்மதியையும் இழக்காதிருக்கவும் இவ்வறிவு துணைசெய்யும்.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பர்மிந்தர் ரெய்னாவும் சக ஆய்வாளர்களும் அம்மாகாணத்தின் 468 குடும்பங்களிடையே நடத்திய ஆய்வு 2005 இல் வெளியானது. பராமரிப்போரின் உடல், உள நலத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை பிள்ளையின் நடத்தைச் சிக்கல்களும் அன்றாடப் பராமரிப்பின் பளுவும் குடும்பத்தின் இயக்கமுமே என அது கண்டது. அவ்வாறாயின், தாய்க்குச் சில மணிநேர ஓய்வளிப்பதும் பிள்ளையின் நடத்தையைக் கையாளும் வழியைக் கற்பிப்பதும் சிகிச்சைக்குப் புறம்பானவை அல்ல.

செயற்பாடு, குடும்பம், உடற்றகுதி, குதூகலம், நண்பர்கள், எதிர்காலம் ஆகிய ஆறும் பிள்ளையின் வாழ்வுக்கு இன்றியமையாதவை என ரோசன்பாமும் யான் வில்லம் கோர்ட்டரும் 2012 இல் வலியுறுத்தினர். நடை சீராகவில்லை என்பதற்காகப் பிள்ளையின் விளையாட்டையும் நட்பையும் ஒத்திவைக்க வேண்டியதில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது. இத்தகைய பிள்ளைகளுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் தகவலும் சேவையும் உதவியும் காலதாமதமின்றிக் கிடைக்க வேண்டுமென அதன் 23 ஆம் உறுப்புரை கூறுகின்றது. அத்தகவல் தாய்மொழியில் கிட்டாதவிடத்து அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

அரசின் கடமை ஒருபுறமிருக்க, பழி சுமத்தாதிருப்பதற்கு நிதியோ நிபுணரோ தேவையில்லை. அத்தாயை ஒரு பொழுது ஓய்வெடுக்கச் சொல்லிப் பிள்ளையை நாம் பார்த்துக்கொள்வதும், விசேட வைபவங்களுக்கு அப்பிள்ளையையும் அழைத்துவரச் சொல்வதும் நம் ஒவ்வொருவராலும் இயலக்கூடியவையே.