தோப்புக்கார அண்ணாச்சியோடு ஒரு காலைநடை

சித்திரை பிறந்தா ஊட்டி, கொடைக்கானல்னு கிளம்பிடுறோம். இந்த இளவேனிலில் ராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கமோ, ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புப் பக்கமோ ஒரு காலை நடந்து பாருங்க. மேற்கே காடு, அடிவாரத்தில் மாவும் தென்னையும். வழிகாட்ட அந்தத் தோப்புக்கார அண்ணாச்சியைவிடப் பொருத்தமான ஆள் யாரு?

"மேலே பாருங்க" என்பார். சாம்பல் நிற மலை அணில் கிளைக்குக் கிளை தாவும். தரைக்கு வருவது அபூர்வம். இதற்காகவே 1988ல் இங்கே சரணாலயம் அமைந்தது. 2021ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. ஆனால் அணிலுக்கு எல்லைக்கல் தெரியுமா? கிளைகள் கோத்திருந்தால் தோப்புக்கும் வரும், மாங்காயும் கடிக்கும்.

தோப்பு மனையானால் அதன் பாதை அறுந்துபோகும். அணில் கடித்தது, யானை முறித்தது போக மிஞ்சுகிற காய்க்கு நல்ல விலை கிடைத்தால்தான் மரம் நிற்கும். பூவிலேயே குத்தகை பேசி முடித்தால் அது எங்கே கிடைக்கும்?

ஆகவே நடைக்கான கூலியை அண்ணாச்சி கையிலேயே கொடுங்க. கல் வைக்காத சப்பட்டையும் பஞ்சவர்ணமும் அவரிடமே வாங்குங்க. வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் போக வேண்டாம். கோடையில் ஒரு பீடித் துண்டு போதும், மலையே எரியும்.