அமெரிக்காவில் தோட்டம் வாங்கலாமா?

‘மகன் அமெரிக்காவில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து அங்கே 20 ஏக்கர் தோட்டம் வாங்கப்போவதாகச் சொல்கிறான். வெளிநாட்டுக்காரர்கள் விவசாய நிலம் வாங்க அங்கே தடைச்சட்டம் வந்துவிட்டதாமே, உண்மையா?’ என்று ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேள்வி-பதில் பகுதியில் இரண்டு வரியில் அடங்காது என்பதால் தனியாகவே எழுதுகிறேன்.

நாடு முழுவதற்கும் பொதுவான தடை அங்கே இல்லை. வெளிநாட்டுக்காரர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாள்களுக்குள் வேளாண் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் நிலத்தின் மதிப்பில் 25 சதவிகிதம் வரை அபராதம். மத்திய அரசின் 1978-ம் ஆண்டு சட்டம் கேட்பது இவ்வளவுதான். வாங்கலாமா, கூடாதா என்பது மாநிலங்களின் கையில் இருக்கிறது. 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதாவது ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கின்றன.

மின்னசோட்டா மாநிலத்தில் பொதுவாகக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான் விவசாய நிலம் வாங்க முடியும். வேலை விசாவில் இருப்பவர் காத்திருக்க வேண்டியதுதான். ஃபுளோரிடா, ஆர்கன்சா போன்ற மாநிலங்கள் வேறு வழியில் போகின்றன. சீனா, ரஷ்யா, ஈரான் என்று சில நாடுகளைக் குறிவைத்து மட்டும் தடுக்கின்றன. இந்தியா அந்த வரிசையில் இல்லை. ஆகவே, எந்த மாநிலம், கையில் என்ன விசா என்ற இரண்டையும் மகனிடம் முதலில் கேளுங்கள். நண்பர்களோடு கூட்டாக வாங்குவதால் ஒவ்வொருவர் குடியுரிமையும் கணக்கில் வரும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த மாநில வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது.

சட்டம் ஏட்டில் மட்டும் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். நம் மருந்துக்கடைகளில் பார்க்கும் சின்ஜென்டா கம்பெனியை உங்களுக்குத் தெரியும். சுவிட்சர்லாந்து கம்பெனி, 2017-ல் சீன அரசு நிறுவனம் அதை வாங்கியது. ஆர்கன்சாவில் அதற்கு 160 ஏக்கர் விதை ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. 2023 அக்டோபரில் அந்த மாநில அரசு, நிலத்தை விற்றுவிடச் சொல்லி உத்தரவு போட்டது. உரிய காலத்தில் தெரிவிக்கவில்லை என்று 2,80,000 டாலர் அபராதமும் விதித்தது.

அமெரிக்காவில் வெளிநாட்டார் கையில் இருப்பது, காட்டு நிலத்தையும் சேர்த்து, சுமார் நாலரைக் கோடி ஏக்கர். அதில் மூன்றில் ஒரு பங்கு கனடாக்காரர்களுடையது. சீனாவுடையது 3 லட்சம் ஏக்கருக்கும் குறைவு. பில் கேட்ஸ் ஒருவரிடம் மட்டும் சுமார் 2.4 லட்சம் ஏக்கர் விவசாய நிலம் இருப்பதாக 2021-ல் செய்தி வந்தது. பக்கத்து நிலத்தின் விலை ஏறி, சின்ன விவசாயி வாங்க முடியாமல் போவது, வாங்குகிறவர் உள்ளூர்க் கோடீஸ்வரர் என்றாலும் நடக்கும். ராணுவத் தளத்துக்குப் பக்கத்தில் அந்நியர் நிலம் வாங்குவதைத் தடுப்பது நியாயம்தான். சின்ன விவசாயியைக் காப்பாற்றவே இந்தச் சட்டங்கள் என்று அங்கே மேடையில் பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இதே மாதிரிச் சட்டத்தில் நம்மவர்களே ஒருமுறை மாட்டியிருக்கிறார்கள். கலிஃபோர்னியா 1913-ல், ‘குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர்’ விவசாய நிலம் வாங்கக் கூடாது என்றது. குறி ஜப்பானிய விவசாயிகள். 1923-ல் இந்தியர்களுக்கும் குடியுரிமைத் தகுதி இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும், இம்பீரியல் பள்ளத்தாக்கில் பாடுபட்டுக்கொண்டிருந்த பஞ்சாபி விவசாயிகளும் சிக்கினார்கள். அமெரிக்க நண்பர் பெயரிலோ, அங்கே பிறந்த பிள்ளைகள் பெயரிலோ நிலத்தை வைத்துத்தான் பலர் வெள்ளாமை செய்தார்கள். அவர்களில் ஒருவர் தலீப் சிங் சௌந்த். கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், லெட்யூஸ் கீரை பயிரிட்டார். சொந்தப் பெயரில் நிலம் வாங்க வழியில்லை. 1946-ல் சட்டம் மாறி, 1949-ல் குடியுரிமை பெற்று, 1956-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். கலிஃபோர்னியா சட்டம் செல்லாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது 1952-ல்.

வாசகர் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் இன்னும் கறார். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரும் இங்கே வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலம், எஸ்டேட், பண்ணை வீடு வாங்க முடியாது. பாஸ்போர்ட் இந்தியாவுடையது என்றாலும் இதே நிலைதான். பலர் தெரியாமல் செய்வது, மகன் அங்கே இருக்கும்போது தோட்டத்தை அவன் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதுவது. அதற்கும் அனுமதி இல்லை. உயில் மூலமாகவோ வாரிசு முறையிலோ நிலம் அவனுக்கு வரலாம். வெளிநாடு போவதற்கு முன்பே அவன் பெயரில் வாங்கியிருந்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம். பிறகு விற்பதானால், இந்தியாவிலேயே வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும்.