மரம் தாங்கும் மலர்

நுழையும்முன்

மண்ணில் வேரூன்றி வளர்வதே செடியின் இயல்பு என்று எண்ணுகிறோம். மண்ணைத் தொடாமலேயே முளைத்து, வளர்ந்து, பூத்து, மணம் பரப்பும் செடிகளும் நம் சமவெளி மரங்களில் உண்டு. அத்தகைய செடி ஒன்றின் வாழ்வையும் அதை வளர்க்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சமவெளியின் ஆர்க்கிட்

ஆர்க்கிட் என்றதும் குளிர்ந்த மலைநாடே பலருக்கு நினைவில் எழும். சேர்வராயன் மலையின் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை நடத்தும் தேசிய ஆர்க்கிட் காட்சியகம் அவ்வெண்ணத்தை வலுப்படுத்துவதும் உண்மையே. உலகில் ஏறத்தாழ 28,000 வகை ஆர்க்கிட்டுகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை வெப்பமண்டலத்தைச் சார்ந்தவை. கோடை வெயில் 40 பாகை செல்சியசைத் தொடும் காணை, விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களின் தட்பவெப்பத்தையும் தாங்கி வாழவல்ல ஆர்க்கிட் ஒன்று உண்டு. அதன் பெயர் வாண்டா டெசல்லேட்டா.

இச்செடியின் அறிவியல் வரலாறு சோழமண்டலக் கடற்கரையோடு இணைந்தது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவரும் தாவரவியலாளருமான வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் இதனை விவரித்தார். அந்நூலின் முதல் தொகுதி 1795இல் வெளிவரத் தொடங்கியது. பூவின் இதழ்களில் பழுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிச் சிறுசிறு கட்டங்களாகத் தோன்றும். 'டெசல்லேட்டா' என்னும் இலத்தீன் அடைமொழி அக்கட்டங்களையே குறிக்கும்.

புல்லுருவியும் வாண்டாவும்

'வந்தா' என்னும் வடசொல், பிற மரங்களின்மேல் வளரும் செடிகளுக்குப் பொதுவாக வழங்கியது. புல்லுருவியும் அப்பெயருள் அடங்கும். பெயரில் இருந்த இம்மயக்கம் மக்கள் மனத்திலும் உண்டு. மரத்தில் ஒட்டியுள்ள செடி எதுவாயினும் அது மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது என்று கருதி அதனைப் பிடுங்கி எறிவோர் பலர்.

புல்லுருவி தன் உறிஞ்சுறுப்பைக் கிளையினுள் செலுத்தி, மரத்தின் நீரையும் உப்புகளையும் கவர்கிறது. வாண்டாவின் வேர்களோ பட்டையின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்வதோடு நின்றுவிடுகின்றன. மரத்திடம் அது வேண்டுவது இருக்க ஓர் இடமும் வெளிச்சமும் மட்டுமே. ஆதலால் தாவரவியலார் இதனைத் தொற்றுத் தாவரம் என்பர்.

தொங்கும் வேர்களைச் சுற்றி வெலாமன் என்னும் பஞ்சு போன்ற திசு அமைந்துள்ளது. உலர்ந்த நிலையில் இதன் அறைகளில் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளியாய் வெளுத்துத் தோன்றும். மழைத்துளி பட்டதும் அறைகள் நீரை உறிஞ்ச, உள்ளிருக்கும் பச்சை நிறம் வெளித்தெரியும். இம்மாற்றத்தைக் காணத் தெரிந்தவர், செடிக்கு நீர் தேவையா என்பதை வேரைப் பார்த்தே அறிவார்.

வளர்க்கும் முறை

வாண்டாவைச் சாதாரணத் தொட்டி மண்ணில் நடுதல் கூடாது. ஈரமண் காற்றோட்டத்தைத் தடுப்பதால் வேர்கள் அழுகும். இடைவெளியுள்ள மரச்சட்டக் கூடையில் கரித்துண்டுகளும் உடைந்த செங்கல்லும் இட்டு, அதில் செடியை நிறுத்தித் தொங்கவிடலாம். சொரசொரப்பான பட்டையுடைய மாமரக் கிளையில் தென்னங்கயிற்றால் தளர்வாகக் கட்டியும் வளர்க்கலாம். புதுவேர்கள் பட்டையைப் பற்றியபின் கயிற்றை நீக்கிவிடலாம்.

காலை இளவெயில் இதற்கு உகந்தது. உச்சிவெயிலுக்கு மரநிழலோ நிழல்வலையோ வேண்டும். இலைகள் கரும்பச்சையாகிப் பூக்காமல் நின்றால் வெளிச்சம் போதவில்லை என்பதும், மஞ்சளித்துக் கருகினால் வெயில் மிகுந்துவிட்டது என்பதும் பொருள்.

கோடையில் நாள்தோறும் காலையில் வேர்கள் பச்சையாகும்வரை நீர் தெளிக்க வேண்டும். அடுத்த முறை நீர் வார்க்குமுன் அவை மீண்டும் வெளுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால் நீர் வார்ப்பதை நிறுத்தி, இலைக்குருத்தில் நீர் தேங்காதவாறு காத்தல் வேண்டும். குருத்து அழுகினால் செடி மேல்நோக்கி வளர இயலாது. உரத்தை மிகவும் நீர்த்த கரைசலாக, வளரும் பருவத்தில் மட்டும் தெளித்தால் போதும்.

விதையின் வலுக்குறைவு

ஆர்க்கிட்டின் ஒரு காயில் தூசியினும் நுண்ணிய விதைகள் பல்லாயிரக்கணக்கில் இருக்கும். ஆயினும் நெல்லிலும் தென்னையிலும் உள்ளதுபோல், முளைக்குஞ்சிக்கு உணவூட்டும் சேமிப்பு அவற்றில் இல்லை. தக்க பூஞ்சை ஒன்று விதையோடு கூடி உணவளித்தால்தான் இயற்கையில் அது முளைக்கும். 1899இல் பிரான்சு நாட்டின் நோயல் பெர்னார் இவ்வுண்மையைக் கண்டறிந்தார். மரம், பட்டை, ஈரம், பூஞ்சை ஆகியவை ஒருங்கே அமையும் இடத்தில்தான் ஒரு புதிய செடி தோன்றுகிறது. அது பூக்கும் அளவுக்கு முதிர மேலும் சில ஆண்டுகள் ஆகும்.

எனவே, முதிர்ந்த மரமொன்றை வெட்டும்போது அதன்மேல் பல ஆண்டுகளாக உருவான வாழிடமும் அழிகிறது. மரத்திலிருந்து பறித்துவந்த வாண்டா, வேரறுந்து பெரும்பாலும் வாடிவிடுகிறது. வளர்க்க விரும்புவோர் நாற்றுப்பண்ணையில் பெருக்கிய செடிகளையே நாடுதல் வேண்டும். வீழ்ந்த மரத்தில் செடி இருப்பின், வேர்களோடு பட்டையையும் சேர்த்தெடுத்து அண்மையிலுள்ள மரத்தில் கட்டிவிடலாம். ஊர்ப் பொதுவிடங்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் பழைய மரங்களைக் காப்பதே, இச்செடியைக் காப்பதற்குரிய முதற்பணி.

தெரிந்து தெளிவோம்

1922இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன், பூஞ்சையின் துணையின்றிச் சர்க்கரை கலந்த ஊடகத்தில் ஆர்க்கிட் விதைகளை முளைக்கச் செய்தார். ஆய்வகங்களில் ஆர்க்கிட்டுகளைப் பெருமளவில் வளர்க்க இது வழிவகுத்தது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலுள்ள முதிர்ந்த மரமொன்றைக் கூர்ந்து நோக்கி, அதன்மேல் வாழும் செடிகளைத் தொற்றுத் தாவரம், ஒட்டுண்ணி என வகைப்படுத்துக.
2. 'பழைய மரம் ஒரு தனி உலகம்' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.